பார்க்கப் பழகும் இரண்டு வருஷம்

(மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அரங்கில் ஓர் ஓவிய ஆசிரியர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் உங்கள் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கித் தந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கையெழுத்துதான் வேறு வேறு, கேள்வி ஏறக்குறைய ஒன்றே. பிளஸ் ஒன்னில் ஓவியம் எடுத்தால் பிள்ளை நாளைக்கு என்ன ஆகும்? பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பேசியாக வேண்டும். ஓவியத்தைப் பாடமாக எடுத்த பிள்ளை அந்த இரண்டு வருஷமும் வகுப்பில் உட்கார்ந்து என்ன செய்கிறது என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. "படம் போடுகிறது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். என்ன படிக்கிறது என்று தெரியாமல் என்ன ஆகும் என்று கணக்குப் போட முடியாது.

முதலில் பாடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பாடம் நடத்துவது சி.பி.எஸ்.இ. பள்ளியில். அங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் நுண்கலை என்ற தலைப்பின் கீழ் நான்கு பாடங்கள் இருக்கின்றன: ஓவியம், அச்சுக்கலை, சிற்பம், வணிகக் கலை. ஒரு மாணவர் இவற்றில் ஒன்றை எடுக்கலாம். பெரும்பாலும் எடுப்பது ஓவியம், பாட எண் 049. இயற்பியலுக்கும் கணக்குப் பதிவியலுக்கும் எப்படி நூறு மதிப்பெண்ணோ, இதற்கும் நூறு. முப்பது மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, எழுபது செய்முறைக்கு. அந்த எழுபதில் இருபத்தைந்து பொருள்களைப் பார்த்து வரைவதற்கு, இருபத்தைந்து சொந்தக் கற்பனையில் ஒரு படத்தை அமைப்பதற்கு, மீதி இருபது வருஷம் முழுக்கச் செய்த வேலையின் தொகுப்புக்கு. வரைகிற தேர்வு ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். ஆகவே "மார்க் அள்ளலாம்" என்று இதில் சேர்க்க நினைப்பவர்கள் இருந்தால், தயவுசெய்து சேர்க்காதீர்கள். அந்த எண்ணத்தோடு வருகிற பிள்ளை ஆகஸ்ட் மாதத்துக்குள் தவித்துப்போகும்.

இனி வகுப்புக்குள் வாருங்கள்.

ஜூன் மாதம். ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் நீலத் துணி ஒன்றை மடிப்பு விழும்படி விரித்து, ஒரு பித்தளைச் சொம்பையும் இரண்டு எலுமிச்சம்பழத்தையும் வைப்பேன். பிள்ளைகள் அரைவட்டமாக உட்காருவார்கள். அவரவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. நிலையான ஓரிடத்திலிருந்து பார்த்து வரைய வேண்டும் என்றுதான் பாடத்திட்டமும் கேட்கிறது. வரையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

அரை மணி கழித்துச் சுற்றிவந்தால் எல்லாத் தாளிலும் ஒரே சொம்பு இருக்கும். கழுத்து ஒடுங்கி வயிறு உருண்டு, நேர் எதிரே நின்று பார்த்த மாதிரி. வாய் மட்டும் மேலிருந்து எட்டிப் பார்த்த மாதிரி நன்றாகத் திறந்திருக்கும். அடிப்பாகம் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடு. ஏன் அப்படி? சொம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதனால் வாய் திறந்திருக்க வேண்டும். சொம்பு ஆடாமல் நிற்க வேண்டும், அதனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். எதிரே ஒரு சொம்பு இருக்க, பிள்ளை தன் மனத்தில் இருக்கிற சொம்பை வரைந்திருக்கிறது. இத்தனைக்கும் எல்லாரும் நன்றாக வரைகிற பிள்ளைகள். போட்டிகளில் பரிசு வாங்கியவர்கள்.

அப்போதுதான் பாடம் தொடங்குகிறது. கண்மட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். சொம்பின் வாய் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால், அந்த வட்டம் ஒடுங்கிய நீள்வட்டமாகத்தான் தெரியும். அடிவட்டம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது, எனவே அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத் தெரியும். நேர்கோடாக அது தெரியவே தெரியாது. நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களும் மீன் வாய் மாதிரி கூராக முடியாது, சின்னதாக வளைந்து திரும்பும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். கண்ணுக்குப் பிடிபட மூன்று வாரம் ஆகும். முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைச் சொம்பின் விளிம்புக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை அடிவிளிம்புக்கு நகர்த்தி அளவெடுக்கச் சொல்வேன். பிறகு அதே அளவைப் படுக்கையாகத் திருப்பிச் சொம்பின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். சொம்பு உயரமான பாத்திரம் என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். அளந்து பார்த்தால் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அந்த நேரத்தில் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். தினமும் வீட்டில் கையில் எடுக்கிற பாத்திரத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

வண்ணத்துக்கு வந்தால் இதே கதை மறுபடியும். நிழல் என்றதும் கை நேராகக் கருப்பு டப்பாவுக்குப் போகும். நான் முதல் பருவம் முழுக்கக் கருப்பு வண்ணத்தை வகுப்புக்குள் விடுவதில்லை. நீலத் துணிமேல் எலுமிச்சையின் நிழல் என்ன நிறம் என்று உற்றுப் பார்த்தால், அது ஆழ்ந்த நீலம். பழத்தின் அடிவயிற்றில் துணியின் நீலம் லேசாக ஏறி அந்த மஞ்சளைப் பச்சைக்குத் தள்ளியிருக்கும். பித்தளையின் வயிற்றில் எலுமிச்சையின் மஞ்சள் ஒரு கீற்றாகத் தெரியும், ஜன்னல் வளைந்து தெரியும், வரைகிற பிள்ளையின் வெள்ளைச் சட்டையும் ஒரு புள்ளியாகத் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் டப்பாக் கருப்பைவிட உயிருள்ள ஒரு கருமை கிடைக்கிறது, நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சியாக, பழுப்பைக் கூட்டினால் வெதுவெதுப்பாக. இதையெல்லாம் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குப் பதினாறு வயது. அதற்கு முன்னால் சொன்னால் கைக்கு வராது. அதற்குப் பின்னால், கல்லூரிக்கு வந்தபிறகு சொன்னால், மனத்தில் ஊறிப்போன சொம்பை வெளியே எடுப்பது பெரும்பாடு. பதினாறும் பதினேழும் இதற்கு வாய்த்த வயது என்பது வகுப்பறையில் நான் கண்ட உண்மை.

இங்கே இன்னொன்றையும் பேச வேண்டும். இன்று வரைகிற ஆசையோடு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கைப்பேசியில் இருக்கும் புகைப்படத்தைப் பார்த்துக் கட்டம் போட்டு வரையப் பழகியவர்கள். அப்துல் கலாம், விஜய், தோனி, அம்மாவின் பாஸ்போர்ட் படம். தலைமுடியை ஒவ்வொரு இழையாக இழைத்திருப்பார்கள். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் புகைப்படத்தில் பார்க்கிற வேலையைக் கேமரா முடித்துவிட்டது. எது முன்னால், எது பின்னால், எந்த ஓரம் கூர்மை, எந்த ஓரம் கரைகிறது என்பதையெல்லாம் லென்ஸ் தீர்மானித்துத் தட்டையாக்கிக் கொடுத்துவிட்டது. பிள்ளைக்கு மிஞ்சியது நகலெடுக்கும் உழைப்பு மட்டும். அதே பிள்ளையை எதிரே உட்கார்ந்திருக்கும் தோழியின் முகத்தை வரையச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. முகம் அசைகிறது, வெளிச்சம் மாறுகிறது, எதை விடுவது எதை எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. எதை விடுவது என்று தீர்மானிக்கிற அந்தத் திறனைத்தான் இரண்டு வருஷம் பழக்குகிறோம்.

படம் அமைக்கிற தேர்வில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். தலைப்பு எதுவாக இருந்தாலும், புதிதாக வந்த பிள்ளை போடும் படம் உங்களுக்கெல்லாம் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அதன் கீழிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு ஓலைக்குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் இதைத்தான் போடும். யாரோ ஒருவர் கற்றுக்கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த படம் அது. நான் ஒரு சின்ன நோட்டை வாங்கச் சொல்வேன், சட்டைப் பையில் அடங்குகிற அளவு. பள்ளிக்கு வருகிற வழியில் தினமும் ஒரு பக்கம். பேருந்து நிறுத்தத்தில் ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறவர், டீக்கடை பாய்லர், சைக்கிளில் கட்டிய தண்ணீர்க் குடங்கள். ஒரு மாணவி, அவள் வீடு மீன் சந்தைக்குப் பக்கம். ஆரம்பத்தில் சந்தையை வரைய வெட்கப்பட்டாள். நோட்டில் அரிவாள்மணை வந்தது, அன்னக்கூடை வந்தது, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களின் முதுகு வந்தது. ஆண்டுத் தேர்வில் அவள் அமைத்த படத்தில் முகமே இல்லை, வரிசையாக முதுகுகள், நடுவில் ஒரு கை உயர்த்திய மீன். கீழ்ப்பாதி முழுக்க ஈரத் தரையின் சாம்பல் நிறம். மலையும் சூரியனும் எங்கே போயின என்று அவளே கேட்கவில்லை.

அந்த நோட்டும், பாதியில் கைவிட்ட தாள்களும், சரியாக வந்த தாள்களும் சேர்ந்ததுதான் தொகுப்பு. முதல் கோட்டிலிருந்து முடிந்த படம் வரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் கடையில் கொடுத்து வரைந்து வாங்க முடியாதபடி பாடத்திட்டத்தை அமைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்படியும் சிலர் வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெற்றோர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: பிள்ளையிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது இருபது மதிப்பெண்ணைவிடப் பெரியது.

இனி எழுத்துத் தேர்வு. முப்பது மதிப்பெண்தானே என்று பலர் கைவிடுகிற பகுதி. பதினொன்றாம் வகுப்பில் பாறை ஓவியங்கள், சிந்துவெளி, அஜந்தா, மாமல்லபுரம், சோழர் செப்புத் திருமேனிகள். பன்னிரண்டாம் வகுப்பில் ராஜஸ்தானி, பகாரி, முகலாய, தக்காணச் சிற்றோவியங்கள், பிறகு வங்காளப் பள்ளி, கடைசியாக நவீன இந்தியக் கலை. நல்ல பாடத்திட்டம். கெடுப்பது கைடுதான். தலைப்பு, ஓவியர், ஊடகம், இப்போது எங்கே இருக்கிறது, இந்த நான்கையும் பெட்டி போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறது கைடு. படத்தைத் தபால்தலை அளவில் சாம்பல் நிறத்தில் அச்சடித்திருக்கிறது. வண்ணமே இல்லாத ஒரு படத்தின் வண்ணத்தைப் பற்றி ஐந்து வரி எழுதுகிறது பிள்ளை.

சோம்நாத் ஹோர் 1958-இல் செய்த 'குழந்தைகள்' என்ற அச்சோவியம் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுத்த அச்சு. ஐந்து உருவங்கள். எலும்பும் தோலுமாக, பெரிய தலையோடு நிற்கிறார்கள். பின்னணி என்று ஒன்றும் கிடையாது, நிற்கத் தரைகூட இல்லை. 1943-இன் வங்காளப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டு வரைந்தவர் அவர், அந்தக் காட்சி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. இந்தப் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் யாரும் பேச வேண்டாம் என்பேன். பிறகு அமிலம் கோட்டை எப்படி அரிக்கிறது என்று விளக்குவேன். பஞ்சம் உடம்பை அரித்ததையும் அமிலம் தகட்டை அரித்ததையும் பிள்ளைகள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். இந்தச் செய்முறையைத்தான் ஓவியர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்விக்கு அதற்கப்புறம் எந்தக் கைடும் தேவைப்படாது.

அம்ரிதா ஷெர்-கில் 1940-இல் வரைந்த 'மஞ்சள் அரைக்கும் பெண்கள்' படமும் பாடத்தில் உண்டு. 1937-இல் தென்னாட்டுக்கு வந்து நம் மக்களின் கரிய மேனியையும் வெள்ளை வேட்டியையும் பார்த்துப் போன பிறகு அவருடைய வண்ணமே மாறியது. இந்தப் படத்தை வரைந்த மறு வருஷமே, 1941-இல், இருபத்தெட்டு வயதில் இறந்துபோனார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபத்தெட்டு என்பது எட்டித் தொடுகிற தூரம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பட்டியலில் 'உழைப்பின் வெற்றி' இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை. நான்கு மனிதர்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். 1959-இல் மெரினா கடற்கரையில் வைக்கப்பட்டது. நாம் உழைப்பாளர் சிலை என்கிறோமே, அதுதான். வெளியூரில் ஒரு மாணவர் அதைப் புத்தகத்தில் பார்த்துப் படித்து விடை எழுதுகிறார். நம் பிள்ளைக்கு அது பேருந்து நிறுத்தத்தின் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு கோட்டுப்படம் போட வேண்டும். முன்னால் நிற்கிறவரின் பாதம் தரையில் எப்படி ஊன்றியிருக்கிறது, கடைசியில் இருப்பவரின் முதுகு எங்கே முறுகுகிறது, நெம்புகோலின் சாய்வு நான்கு உடம்புகளையும் எப்படி ஒரே இழுப்பில் கட்டுகிறது என்றெல்லாம் வரையும்போதுதான் தெரியவரும். மெரினாவில் இருக்கும் காந்தியும் இதே கையின் வேலை என்று சொல்லி, அப்படியே கடற்கரையோரம் நடத்திக் கூட்டிப் போவேன். ஒருவர் எட்டி நடக்கிறார், நால்வர் ஊன்றி நெம்புகிறார்கள். ஒரே சிற்பி அசைவை இரண்டு விதமாகப் பிடித்ததைக் கண்டுகொள்ள அந்த நடை போதும்.

ராய் சௌத்ரி யார்? 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அந்தப் பள்ளிதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய கலைப் பள்ளிகளில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. ராய் சௌத்ரிக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் அதை நடத்தினார். 1966-இல் அவர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இன்றைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பாடத்தில் வருகிற பிள்ளையார் சிற்பத்தைச் செப்புத் தகட்டில் செய்த பி.வி. ஜானகிராம் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர். துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரிலிருந்து வந்த கே.எம். ஆதிமூலம் அந்தக் கல்லூரியில் படித்தவர். நம் சிற்றிதழ்களின் அட்டையையும் எழுத்துருவையும் மாற்றியவர். கல்லூரியிலிருந்து சற்றுத் தொலைவில் எழும்பூர் அருங்காட்சியகம், அங்கே திருவாலங்காட்டு நடராசர். தெற்கே போனால் மாமல்லபுரத்தில் சுமார் 96 அடி நீளத்துக்கு, அடுத்தடுத்த இரண்டு பெரும்பாறைகளில் அர்ச்சுனன் தபசு.

இப்போது என் மனத்தை அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இத்தனையும் இருக்கிற தமிழ்நாட்டில், மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைக்குப் பொதுப் பிரிவில் ஓவியம் என்று ஒரு பாடம் கிடையாது. அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள், ஊரகப் பள்ளியில் படிக்கிறவர்கள், சி.பி.எஸ்.இ. கட்டணத்தை நினைத்துப் பார்க்க முடியாதவர்கள், அத்தனை பேருக்கும் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து ஓவியம் என்ற பெயரில் ஒரு வகுப்பு கால அட்டவணையில் இருக்கும். கணக்கு ஆசிரியர் கடன் கேட்டால் அதைத்தான் முதலில் கொடுப்பார்கள். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி நடத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் ஐயாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு. பிறகு சம்பளம் கொஞ்சம் ஏறியது, வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. ஒரு பாடத்தை அரசு எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு அந்தச் சம்பளச் சீட்டு போதும்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய முயற்சி. மூலைமுடுக்குப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து வரைகிறார்கள், களிமண்ணில் சிற்பம் செய்கிறார்கள், மேடையேறிப் பரிசு வாங்குகிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை மாநில அளவில் ஓவியத்தில் முதலிடம் வாங்கிவிட்டு மறுநாள் பள்ளிக்குத் திரும்பினால், அங்கே ஓவியத்துக்கு ஒரு பாடவேளைகூட இல்லை. கொண்டாடத் தெரிந்த நமக்குக் கற்றுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இருக்கிற வழி எது? தேர்வுத்துறை நடத்துகிற தொழில்நுட்பத் தேர்வு, ட்ராயிங் லோயர், ஹையர் என்று நாம் சொல்கிறோமே அது. ஊரில் ஒரு நல்ல ட்ராயிங் மாஸ்டர் இருந்தால், சனிக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகலாம். இன்று தமிழ்நாட்டின் ஓவியர்களில் பலர் அந்தத் திண்ணைகளில் உருவானவர்கள்தான். பிறகு சென்னையிலோ கும்பகோணத்திலோ இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் நான்கு வருஷ பி.எஃப்.ஏ. படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே வரைதல் தேர்வு உண்டு. ஸ்டூலும் துணியும் பாத்திரமும் அங்கேயும் காத்திருக்கும். இரண்டு வருஷம் ஆசிரியர் பக்கத்தில் நின்று திருத்திய பிள்ளையும், யூடியூப் பார்த்துத் தானே பழகிய பிள்ளையும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். யாருக்கு எளிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் இந்தப் பாடத்தை நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் கலைப் பிரிவுப் பிள்ளைகள் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நம் மொழியில் படித்து நம் மொழியில் தேர்வு எழுதுகிறார்கள், அதை வைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். போரின் நடுவிலும் அங்கே அந்தத் தேர்வுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நமக்கு என்ன தடை?

சரி, துண்டுச் சீட்டுக் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை என்ன ஆகும்?

ஓவியராகவே வாழ்வது கடினம். வருமானம் நிலையாக இராது, அதை மறைக்க மாட்டேன். என் மாணவர்களில் அப்படி வாழ்கிறவர்கள் மிகச் சிலர். அனிமேஷன், சினிமா கலைத்துறை, புத்தக வடிவமைப்பு, ஜவுளி வடிவமைப்பு, ஆசிரியப் பணி என்று போனவர்கள் நிறையப் பேர். கட்டடக்கலைக்குப் போகிறவர்களுக்கு நாட்டா தேர்வில் வரைதல் உண்டு, ஆனால் அவர்கள் கணக்கும் படித்திருக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வில் நுண்கலையும் ஒரு பாடம். அறிவியல் பிரிவில் இருந்துகொண்டே ஐந்தாவது பாடமாக ஓவியத்தை எடுக்கப் பல சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அனுமதிக்கின்றன. உங்கள் பள்ளியில் கேளுங்கள். பொறியியல் கட்-ஆஃபில் இதன் மதிப்பெண் சேராது என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

ஓவியம் படித்தால் கணக்கு நன்றாக வரும், ஞாபகசக்தி கூடும் என்றெல்லாம் சொல்லி இதை விற்க எனக்கு விருப்பமில்லை. வேறொரு பாடத்துக்கு வேலைக்காரியாக வந்தால்தான் ஓவியத்துக்கு வீட்டுக்குள் இடம் என்றால், அந்த இடமே வேண்டாம். தன் கண்ணால் ஒன்றைப் பார்த்து, இது இப்படித்தான் இருக்கிறது என்று நிச்சயித்து, அதைத் தன் கையால் பிறர் பார்க்கும்படி வைக்கத் தெரிவது ஒரு படிப்பு. அதற்குப் பதினாறு வயதில் இரண்டு வருஷம் கொடுப்பது நியாயம்.

"பிளஸ் டூ முடிகிற வரைக்கும் பிரஷ்ஷைத் தூக்கிப் பரண்மேல் வை" என்று சொல்கிற வீடுகள் நிறைய. அப்பாக்களே, அம்மாக்களே, இரண்டு வருஷம் சும்மா இருந்த கை பழைய இடத்திலிருந்து தொடங்காது. பாடமாக எடுக்க முடியாவிட்டாலும் தினமும் அரை மணி கொடுங்கள். ஒரு 2பி பென்சில், ஒரு நோட்டு போதும். விலையுயர்ந்த வண்ணப் பெட்டி வேண்டாம், உறவினர் முன்னால் காட்டச் சொல்லவும் வேண்டாம்.

தலைமையாசிரியர்களுக்கும், இங்கே வந்திருக்கும் கல்வித்துறை அலுவலர்களுக்கும் என் கோரிக்கை ஒன்று. அடுத்த பாடத்திட்ட மாற்றத்தில் மேல்நிலை வகுப்புக்கு ஓவியத்தை ஒரு விருப்பப் பாடமாக வையுங்கள். எல்லாப் பள்ளியிலும் ஒரே நாளில் முடியாது என்பது எனக்குத் தெரியும். மாவட்டத்துக்கு ஒரு அரசுப் பள்ளியில் தொடங்குங்கள், 38 பள்ளிகள். பி.எஃப்.ஏ., எம்.எஃப்.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முழுநேர வேலையாக, முழுச் சம்பளத்தில் எடுங்கள். ஆய்வகம் கட்டுகிற செலவு இதற்குக் கிடையாது. வடக்குப் பக்கம் ஜன்னல் உள்ள ஓர் அறை, ஏனென்றால் அந்த வெளிச்சம்தான் நாள் முழுக்க அதிகம் மாறாது. தண்ணீர்க் குழாய் ஒன்று. தாள்களை மடிக்காமல் வைக்க அகலமான இழுப்பறை. முப்பது ஸ்டூல். வரைய வேண்டிய பொருள்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள்.